அமுதம் அக்காவின் ஒன்பது புளியங்கொட்டை

எங்கள் ஊர் ஏம்பலத்தில் அமுதம் அக்காவைத் தெரியாதவர் இல்லை. பகலில் திருபுவனையில் அட்டைப்பெட்டி கம்பெனி வேலை. மிச்ச நேரத்தில் குத்தகைக்கு எடுத்த ஒரு காணி நெல். கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கும்போது, அக்கா போனில் காசு கட்டாத போக்கர் சீட்டாட்டம் ஆடுவார். தீர்ந்துபோன சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டி இன்னும் நாலு வேளை சமைக்கிற ஆள் அவர்.

இந்தத் தை மாதம் ஊருக்கு ஒரே ஒரு அறுப்பு மெஷின்தான் வந்தது. நாளை ஒருநாள்தான் கையில், அதற்குப் பிறகு மழை என்றார்கள். அதற்குள் இரண்டு பேர் வயல்தான் முடியும். அக்காவின் வயல் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. நெல் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. தண்ணீர் நின்றால் கதிரிலேயே முளைத்துவிடும்.

வழக்கமாகப் பேர் எழுதிக் குலுக்குவார்கள். வழக்கமாக உரக்கடை மணவாளன் மாமா பேர்தான் முதலில் வரும். கேட்டால் சாமி புண்ணியம் என்பார். அதனால் இந்த முறை போக்கர் ஆடி முடிவுசெய்யலாம் என்று நான் கொளுத்திப் போட்டேன். கடைசிவரை நிற்கும் இரண்டு பேருக்கு மெஷின்.

ஆறு பேர், ஆளுக்கு நாற்பது புளியங்கொட்டை. ஒவ்வொரு ஆட்டத்திலும் முறைவைத்து இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கொட்டை வைத்தாக வேண்டும். அதுதான் பிளைண்ட். ரோட்டில் டவுன் பஸ் போகும்போதெல்லாம் பிளைண்ட் ஏறும். எங்கள் ஊர் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. யாரும் ஏமாற்ற முடியாது.

முதலில் தோற்றது நான். எங்கள் வயல் மேடு, கவலையில்லை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஏஸ் ஜோடியோடு போன அக்காவை மாமா மூன்று ஏழால் அடித்தார். அக்காவிடம் மிச்சம் ஒன்பது கொட்டை.

"இன்னாமே அமுதம், புளியில்லாம கொட்டைய வச்சே ரசம் வைக்கப் போறியா?" என்றார் மாமா.

"வச்சா ஒனக்குத்தாண்ணா மொத டம்ளர்."

அதற்குப் பிறகு அக்கா ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்தார், கவிழ்த்தார், கவிழ்த்துக்கொண்டே இருந்தார். அரிகரன் அண்ணன் பிளைண்ட் வைத்த ஆட்டத்தில், மற்றவர்கள் ஒதுங்கியதும், ஒன்பதையும் நடுவில் தள்ளி "ஆல் இன்" என்றார்.

"வம்பு எதுக்கு? அமுதம் தானா வெளிய போயிடும்" என்று அரிகரன் அண்ணன் விட்டுவிட்டார். நடுவில் இருந்த பிளைண்ட் கொட்டை அக்காவுக்கு வந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். பத்தும் நாலும்! "எக்கா, இத வச்சிக்கினா?"

"கம்முனு குந்துடா."

மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. கையில் குறைவாக இருக்கும்போது இரண்டு கொட்டை போட்டுப் பார்ப்பது வீண். கவிழ்க்கணும், இல்லையென்றால் மொத்தமும் தள்ளணும். அதையும் பஸ் வந்து பிளைண்ட் தின்பதற்குள் செய்யணும். தள்ளுவதும் இழக்கப் பயப்படுகிறவரிடம் மட்டும். மலைபோல் குவித்திருந்த மாமா பிளைண்ட் வைத்தபோது அக்கா ஒரு தடவைகூடத் துணியவில்லை. மாமா வேடிக்கைக்கே பதிலுக்குக் கொட்டை வைத்துச் சீட்டைக் காட்டச் சொல்லிவிடுவார்.

மூன்று பஸ் போனது. மூன்று பேர்தான் மிச்சம்: மாமா, அரிகரன் அண்ணன், அக்கா. இன்னும் ஒருவர் வெளியேற வேண்டும்.

அப்போதுதான் அக்கா கையில் ராணி ஜோடி வந்தது. மாமா மொத்தத்தையும் தள்ளினார். பொறுத்துப் பொறுத்து வெறுத்துப்போன அரிகரன் அண்ணனும் தள்ளினார். அக்கா ராணிகளை ஒரு நொடி பார்த்தார். கவிழ்த்துவிட்டார். எனக்குக் கத்தணும்போல் இருந்தது.

நடுவில் எல்லாருக்கும் பொதுவான ஐந்து சீட்டு விழுந்தது. மாமா கையிலிருந்த ராஜாவுக்கு ஜோடி சேர்ந்து அரிகரன் அண்ணனை வெளியே தூக்கியது. கடைசியாக விழுந்தது ஒரு ராணி. நான் பொறுக்க முடியாமல் அக்காவின் சீட்டைத் திருப்பிக் காட்டினேன்.

"அடிப்பாவி! மூணு ராணி!" மாமா எழுந்தே நின்றுவிட்டார். "ஒன் கொட்ட மூணு மடங்காயிருக்குமே! பைத்தியமா நீ?"

"இத்தன கொட்டைய வச்சிக்கினு நான் இன்னா பண்றதுண்ணா? அரிகரன் எழுந்தாச்சு. எனக்கு மெஷின் வந்தாச்சு."

"ரெண்டு பேருல யாருக்கு மொதல்ல? ஆடிப் பாத்துடலாம், வா."

"நீயே மொதல்ல அறு. மதியம் எனக்கு." அக்கா சாக்கு தேடப் போய்விட்டார்.

மறுநாள் இருட்டும் நேரம் மெஷின் பள்ளத்து வயலை விட்டு ஏறியது. நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சாக்கு பிடித்ததெல்லாம் தானாக நடந்தது. கடைசிக் குவியலை அள்ளும் முன் முதல் தூறல் விழுந்தது.

"வானத்த அப்புறம் பாக்கலாம், தார்ப்பாயப் புடிடா" என்றார் அக்கா. பிடித்தேன்.