மச்சானும் மச்சாளும் ஒரு புரதமும்

1. குளிரறை

ஆய்வகத்தில் அழுவதற்குக் குளிரறையைப் போல வசதியான இடம் கிடையாது. கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே கேட்காது. புரதத்தைக் கரைத்து வைக்கிற பஃபர் கரைசல் போத்தல் எடுக்கப் போன நான் சிந்துஜாவை அங்கேதான் கண்டேன். கொடிகாமத்துப் பிள்ளை, கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவள்.

"என்ன பிள்ளை, புரதம் பழுதாப் போச்சோ?" என்று கேட்டேன். எங்கள் தொழிலில் ஆட்கள் அழுவது அநேகமாக அதற்குத்தான்.

"புரதம் நல்லா இருக்கு ராணி அக்கா. சேரும் மிஸ்ஸும்தான் பழுது."

அவள் சொன்னது முழு உண்மை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கெட்டுப்போன சென்ரிஃபியூஜ் சுழற்றி, கெட்டுப்போன ஃபிரீசர் எல்லாம் கண்டிருக்கிறேன். இந்த இரண்டு பேரையும் போலத் திருத்தமுடியாத எதையும் கண்டதில்லை.

பேராசிரியர் அருளானந்தம் சேரும் கலாநிதி மனோன்மணி மிஸ்ஸும் உடுப்பிட்டியில் பக்கத்துப் பக்கத்துக் காணிக்காரர். சொந்த மச்சான் மச்சாள். காணிகளுக்கு நடுவில் வேலி புதிதாக அடைத்தபோது வேலிக்கு நட்ட கதிகால் தடிகள் ஓர் அங்குலம் தள்ளிப்போயின என்று வழக்கு. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. விதி அவர்களை ஒரே ஆய்வகத்தில், ஒரே மாணவிக்கு மேற்பார்வையாளர்களாக்கி வேடிக்கை பார்த்தது.

அவர்களுக்கு நடுவில் தூது போனவள் நான். "ராணி, மச்சாளிட்டைச் சொல்லும், சென்ரிஃபியூஜ் எனக்கு வேணுமெண்டு" என்பார் சேர். மச்சாள் கையெட்டும் தூரத்தில்தான் நிற்பார். "ராணி அக்கா, பத்து நிமிசத்திலை விடுவன் எண்டு சொல்லுங்கோ" என்பார் மிஸ். இரண்டையும் இரண்டு பேரும் கேட்டாயிற்று. ஆனாலும் நான் வாய் திறந்து திருப்பிச் சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. சொல்லாவிட்டால் சேர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

2. மூடியதா, திறந்ததா?

சிந்துஜாவின் புரதத்தில் இரண்டு டொமைன்கள். இரண்டு உருண்டைகளை ஒரு துண்டு நூலால் தொடுத்தமாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூலுக்கு லிங்கர் என்று பெயர். இப்படிப்பட்ட புரதத்தின் உருவத்தை ஒரே முறையால் கண்டுபிடிப்பது கஷ்டம். சேருடையது பளிங்கு முறை. புரதத்தைப் பளிங்காக வளர்த்து எக்ஸ்-கதிர் பாய்ச்சினால் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் பளிங்குக்குள் புரதம் பஸ்ஸில் நெருக்குப்பட்டு நிற்கிற ஆள்போல, அசைய வழியில்லை. மிஸ்ஸுடையது சாக்ஸ். கரைசலில் சுதந்திரமாக மிதக்கும் புரதத்தில் எக்ஸ்-கதிர் சிதறுவதை வைத்து மொத்த உருவத்தை ஊகிப்பது. அதில் அணுக்கள் தெரியாது. ஒன்று முகத்தைக் காட்டும், நடையைக் காட்டாது. மற்றது நடையைக் காட்டும், முகத்தைக் காட்டாது. ஆகவே இரண்டையும் பொருத்திப் பார்க்கவேண்டும்.

பொருந்தினால்தானே! பளிங்கில் இரண்டு டொமைன்களும் ஒட்டிக்கொண்டு மூடிக் கிடந்தன. சாக்ஸில் விலகி நீண்டு கிடந்தன.

"ராணி, மச்சாளின்ரை சாம்பிள் பழுதெண்டு சொல்லும்."

"ராணி அக்கா, பளிங்குக்குள்ளை நெரிபட்டுக் கிடக்கிறதை உருவம் எண்டு சொல்லக்கூடாது எண்டு சொல்லுங்கோ."

அங்குலத்துக்கு வழக்காடியவர்கள் அணுவை அளக்கிற அங்ஸ்ட்ரோமுக்கு விட்டுக்கொடுப்பார்களா? ஒருவர் கண்ட உருவத்தை ஆய்வேட்டில் வைத்தால் மற்றவர் ஒப்பம் வைக்கமாட்டார். இரண்டு ஒப்பமும் இல்லாமல் ஆய்வேடு போகாது. ஆவணி முடிவதற்குள் அது போகாவிட்டால் வெளிநாட்டு ஆய்வகமொன்றில் சிந்துஜாவுக்குக் கிடைத்த வேலை இன்னொருவருக்குப் போய்விடும். பிள்ளை குளிரறையில் அழுததன் காரணம் இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய படிப்புப் படித்த இரண்டு பேர், ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வேலிக்குள் போட்டு இழுக்கிறார்கள்.

3. வழமையான சாமான்

மூக்கைத் துடைத்துக்கொண்டு சிந்துஜா வெளியே வந்தாள். உருவத்தைப் பற்றி எழுதத்தான் முடியாது, செய்முறை அத்தியாயத்தையாவது முடிப்போம் என்று கணினியைத் திறந்தாள். சேரும் மிஸ்ஸும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில்.

"சேர், பளிங்கு எந்தப் பஃபரிலை வளர்ந்தது?"

"கல்சியம் குளோரைட் போட்டனான். அது இல்லாட்டிப் பளிங்கு வராது" என்றார் சேர்.

"மிஸ், சாக்ஸுக்கு?"

"ட்ரிஸ், உப்பு, பிறகு வழமையான ஈ.டி.டி.ஏ."

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டும். ஆய்வகத்தில் தண்ணீரைச் சுத்தமாக்கும் இயந்திரமும் நினைத்த நேரம் படுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரில் மிஞ்சிய கல்சியத்தைப் பிடித்து வைக்கிற ஈ.டி.டி.ஏ.யை எல்லாப் பஃபரிலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். கறிக்கு உப்புப் போடுவதுபோலக் கை பழகிய வேலை.

உட்கார்ந்திருந்த கதிரையோடு சேர் சுழன்று திரும்பினார்.

"மச்சாள்! என்ன விசர் வேலை செய்தனீர்?"

ஆண்டுக் கணக்காக இல்லாத பேச்சு இப்படித்தான் தொடங்கியது.

"ரெண்டு டொமைனையும் பிடிச்சு வைச்சிருக்கிறதே கல்சியம்தான். அதைப் புடுங்கிப்போட்டு, விரிஞ்சு கிடக்கு எண்டால்?"

"நீங்கள் கல்சியம் போட்டதை எனக்கு ஆர் மச்சான் சொன்னது?" என்று மிஸ்ஸும் எழும்பினார்.

பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ராணி, நீர் ஏன் சொல்லேல்லை?"

இதற்குத்தான் தூது போகக்கூடாது என்பது. "நீங்கள் ரெண்டு பேரும் தந்துவிட்டது பேச்சு மட்டும்தான், பஃபரைத் தந்துவிடேல்லை" என்றேன். அதற்குள் அவர்கள் என்னை மறந்து ஒரே திரைக்கு முன்னால் குனிந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை போன ஆள்போல எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது.

மிஸ் சாக்ஸ் அளக்க அனுப்பியிருந்த வெளிநாட்டு ஆய்வகத்தில் எங்கள் புரதம் மிச்சம் இருந்தது. ஈ.டி.டி.ஏ.யை எடுத்துவிட்டுக் கல்சியம் சேர்த்து மறுபடி அளந்தார்கள். சேர் பளிங்கில் கண்ட மூடிய உருவத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. கல்சியம் இல்லாத பழைய அளவீடு காட்டியது மிஸ் சொன்ன நீண்ட உருவத்தை. கல்சியம் வந்தால் மூடும், போனால் திறக்கும். அதுதான் அந்தப் புரதத்தின் தொழிலே. தனித்தனியே ஒரு முறையை மட்டும் நம்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆவணி முடிவதற்கு முன்பே இரண்டு ஒப்பமும் ஒரே பேனையால் விழுந்தன.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அந்த அத்தியாயத்தைத் தட்டித் தட்டிப் பாராட்டினார். "கல்சியத்தோடையும் இல்லாமலும் ரெண்டு முறையாலை பாத்திருக்கிறியள். மிகக் கெட்டித்தனமான திட்டம். இது ஆரின்ரை யோசனை?"

சேர் மேற்கூரையைப் பார்த்தார். மிஸ் நகத்தைப் பார்த்தார். சிந்துஜா மட்டும் கண் சிமிட்டாமல் சொன்னாள்.

"எங்கடை ஆய்வகத்திலை எல்லாரும் கலந்து கதைச்சுத்தான் செய்யிறது சேர்."

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற நான் சிரிப்பை மறைக்க மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளை பாஸ்.

இப்போது ஆய்வகங்களில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கோபமென்றால் ஒருவரோடொருவர் கதைக்காமல் இருங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் என்ன பஃபர் என்று மட்டும் நேரே கேட்டுவிடுங்கள்.