லெக் பீஸ் மாப்பிள்ளை

தினகரனின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஒரு கோழி றெக்கை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு சூப்பர்வைசர், வெள்ளானூரில் சொந்த வீடு, தெருவில் நடந்தால் நாலு பேர் வணக்கம் வைக்கிற ஆள். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, இலையில் இரண்டு லெக் பீஸையும் வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

மாமியார் பொன்னியம்மாவின் வீடு அண்ணனூரில், ஸ்டேஷனுக்குப் பின்னால். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் ஒற்றை ஆளாகக் கரையேற்றியவள். மூத்தவள் ரேகாவைக் கட்டியவன் தினகரன். கல்யாணமான நாளிலிருந்து, அந்த வீட்டில் கோழிக் குழம்பு கொதித்தால் இரண்டு காலும் அவனுக்குத்தான். மச்சினிச்சி திவ்யா பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு காலுக்காக முகத்தைத் தூக்கிவைத்துப் பார்த்திருக்கிறாள்; பலிக்கவில்லை. "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று பொன்னியம்மா சொல்லும்போது அந்த 'ங்க' அவனுக்கு ஃபேன் காற்றைவிடக் குளுகுளுவென்று இருக்கும்.

பிறகு திவ்யாவுக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லோகேஷ், ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிற மெக்கானிக். முதல் விருந்தில் ஆளுக்கொரு கால் என்று பொன்னியம்மா மனசைக் கல்லாக்கிக்கொண்டு பங்கு பிரித்தாள். லோகேஷ் தன் பங்கை எடுத்து தினகரன் இலையிலேயே வைத்துவிட்டான்.

"எனக்கு காலு வாணாம் அத்த. றெக்கை எதுனா கீதா?"

அந்த வீட்டில் றெக்கை என்பது கழுத்தோடு சேர்ந்து சட்டியின் அடியில் கிடக்கிற சமாச்சாரம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்கள் வழித்துப் போட்டுக்கொள்வது. அதை ஒரு மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டதும் பொன்னியம்மா தன்னை மறந்து, "அதுல இன்னாடா கீது, வெறும் எலும்பு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். லோகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அன்று வாயிலிருந்து விழுந்த 'டா' அப்புறம் திரும்பி உள்ளே போகவே இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கூத்துதான். லோகேஷ் கோழிக் கடையில் சொல்லிவைத்து, தோலை உரிக்காத றெக்கையாக வாங்கிவருவான். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு, ஒவ்வொன்றையும் மூட்டுப் பார்த்து மூன்றாக வெட்டுவான். ஒற்றை எலும்பு இருக்கிற மேல் துண்டில் சதையைச் சுரண்டித் தலைப்பக்கம் உருட்டினால் லாலிபாப். இரண்டு எலும்பு இருக்கிற நடுத் துண்டுக்கு அரிசி மாவு, மிளகாய்த்தூள், பூண்டு. நுனியை மட்டும் மிளகு தட்டிப்போட்டு ரசமாக வைக்கச் சொல்லி மாமியாரிடம் நீட்டுவான். எந்தத் துண்டு ஒசத்தி என்று மாமியாரும் மருமகனும் கட்சி பிரிந்து வாதாடுவார்கள்.

"டேய் லோகேசு, உப்பு பத்தலடா, நாக்கு இன்னா செத்துப்போச்சா ஒனக்கு?" என்று அவள் திட்டுவது ஹால் வரைக்கும் கேட்கும். திட்டு வாங்குகிறவன் சிரிப்பான். அதைக் கேட்கக் கேட்க தினகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லோகேஷ் மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை. முதல் ஈடு எண்ணெயிலிருந்து இறங்கியதும், "அண்ணாத்தே, ஒண்ணு துன்னு பாரு" என்று தட்டோடு அவனிடம்தான் ஓடிவருவான். எலும்பு கடிக்கிற பழக்கமெல்லாம் தனக்கு இல்லை என்று தினகரன் சொல்லிவிடுவான். வாசனையில் நாக்கு ஊறும். ஆனால் வாங்கித் தின்றால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று லெக் பீஸையே மென்றுகொண்டிருப்பான். அது வாயில் பஞ்சு மாதிரி உருளும்.

வீட்டுக்கு வந்து ரேகாவிடம் கொட்டித் தீர்த்தான். லோகேஷுக்கு மட்டு மரியாதை தெரியவில்லை, மாமியார் வீட்டு அடுப்படியில் ஒரு ஆம்பளைக்கு என்ன வேலை, உங்கம்மா அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறாள் என்று. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். உங்களுக்குத்தான் ரெண்டு காலும் வருகிறதே, இன்னும் என்ன குறைச்சல் என்றாள். நாற்பதைத் தாண்டிய ஒருவன், தன்னையும் 'டா' போட்டுத் திட்ட ஆள் வேண்டும் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வான்?

சொல்லாமல் காரியத்தில் இறங்கினான். தெரிந்தவர் கண்ணில் படாமல் ஆவடிப் பக்கம் ஒரு கடையில் றெக்கை வாங்கி, பிள்ளைகள் டியூஷன் போன நேரமாகப் பார்த்துப் பொரித்துப் பழகினான். லேத்தில் இரும்பை மயிரிழை சுத்தமாகக் கடைகிற கைக்கு லாலிபாப் சுரண்டுவது சுலபமாகவே வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. தின்றால் சீக்கிரம் உலர்ந்தது. நடுத் துண்டுதான் அவனைக் கவிழ்த்துவிட்டது. தோல் மொறுமொறுவென்று உடைய, இரண்டு எலும்புக்கும் நடுவே ஒளிந்திருந்த சதை நாக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இத்தனை வருடம் காலைக் கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. லோகேஷ் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்ததும் தின்றது செரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, ரேகாவையும் பிள்ளைகளையும் பின்னால் வரச் சொல்லிவிட்டு, லோகேஷுக்கு முந்திக்கொண்டு றெக்கைப் பையோடு அண்ணனூரில் போய் நின்றான். தனியாக வந்தவனைப் பார்த்ததும் பொன்னியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ரேகாவோடு எதுவும் தகராறா என்று பயந்துபயந்து விசாரித்தாள். ஒன்றுமில்லை, சமைக்க வந்தேன் என்றான். அவள் சமையலறைத் தரையை அவசரமாகத் துடைத்து, ஹாலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள். அவன் தரையில் உட்கார்ந்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவோரம் நின்றவள், அவன் எத்தனை தடவை சொல்லியும் உட்காரவில்லை.

அவன் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. மசாலாவில் எல்லாவற்றையும் போட்டான், உப்பை மட்டும் போடவில்லை. பொன்னிறமாகப் பொரிந்து வந்த நடுத் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து மாமியாரிடம் நீட்டிவிட்டு, திட்டுக்காகக் காத்திருந்தான். பரீட்சைப் பேப்பர் வாங்குகிற பிள்ளை மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னியம்மா கடித்தாள். மென்றாள். ஒரு நொடி வாய் நின்றது, பிறகு விழுங்கினாள்.

"ரொம்ப நல்லா கீது மாப்ள."

"உப்பே போடல அத்த."

"அதெல்லாம் சரியாதான் கீது. எண்ணெ பலகாரத்துக்கு உப்பு கொஞ்சம் மட்டா இருந்தாதான் நல்லது."

தினகரனுக்குப் பொறுக்கவில்லை. மூடிவைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "அவன் ஒரு கல்லு உப்பு கம்மியா போட்டா அந்தத் திட்டு திட்றீங்க. என்னைத் திட்டுனா இன்னா அத்த? நானும் இந்த ஊட்டுப் புள்ளதானே?"

அவள் தட்டைப் பிடித்தபடியே, குரலை உயர்த்தாமல், சண்டைக்காக இல்லாமல், தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மொத வருசம், ஆடிக்கு வந்தப்ப, தெரியாத்தனமா உங்க எலையில றெக்கைய வெச்சுட்டேன். எலைய அப்படியே தள்ளிட்டு எழுந்து போனீங்க. எம்பொண்ணு உங்க வண்டி பின்னால தெருமுனை வரைக்கும் அழுதுகினே ஓடுச்சு. லோகேசு கோச்சிகினா எனக்கு சிரிப்பு வரும் மாப்ள. நீங்க கோச்சிகினா எம்பொண்ணு அழுவும்."

தினகரனுக்கு அப்படியொரு நாளே ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருக்க இருக்க அவள் கண்ணில் கலவரம் ஏறியது. சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

"கோச்சிகினீங்களா மாப்ள?" என்று கேட்டாள்.

இல்லை என்று அவன் தலையாட்டினான். அவள் நம்பவில்லை. தட்டில் இருந்த உப்பில்லாத றெக்கையை எடுத்து, அவன் பார்க்கிற மாதிரி, எலும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் தின்று முடித்துவிட்டு, நல்லா கீது, இன்னும் ஒண்ணு போடுங்க என்று தட்டை நீட்டினாள்.