வீரம்மாவின் நிரையும் மதராஸ் மீன் வீடும்

வீரம்மாவைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில் எங்கள் மூங்கில்காட்டு ரப்பர்த் தோட்டத்தில் அவளைப்போல் பால்மரம் சீவ ஆள் கிடையாது. வேலையில் சுத்தம், வீட்டில் சுத்தம், யாரிடமும் கைகட்டி நிற்க மாட்டாள். ஆனால் நான் சொல்லப்போவது அவளுடைய பொறாமையைப் பற்றி. சொல்ல எனக்கு உரிமை உண்டு, நான் அடுத்த வீட்டுக்காரி. எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே முணுமுணுத்தால் இங்கே கேட்கும்.

அந்தப் பொறாமைக்கு இலக்கு கருப்பம்மாள். வீரம்மாவின் புருஷன் பெயர் ஐயாவு. அவருக்கு ஒரு அண்ணன் உண்டு. அந்த அண்ணனின் பெண்சாதிதான் கருப்பம்மாள். ஓரகத்திகள் இருவரும் ஒரே லயத்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் கருப்பம்மாள் புருஷனோடு கப்பலேறி ஊருக்குப் போனாள். லயத்திலிருந்த துறையூர்ப் பக்கத்து ஆட்கள் நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் ஏறுவதுதான் வழக்கம். அந்தத் தடவை புயல். கப்பல் நாகப்பட்டினத்தில் நிற்காமல் மதராசுக்குப் போய்விட்டது. ரயிலுக்குக் காத்திருந்த அரைப் பகலில், யாரோ சொன்னார்கள் என்று, கடற்கரையில் இருக்கும் மீன் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டாள். கண்ணாடித் தொட்டிக்குள் கடல்மீன் உயிரோடு நீந்துமாம். அதைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நிற்பார்களாம்.

புயலில் வழிமாறிப் போனவளுக்கு வந்த அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்! திரும்பி வந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் மீன். குழாயடியில் மீன். மரத்தில் பால் பிடிக்கும் மங்கைக் கழுவும்போதும் மீன். மனசில் கள்ளம் இல்லாத பொம்பளை, பார்த்ததைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள், அவ்வளவுதான். எங்களுக்கு மூன்றாம் தடவையே புளித்துவிட்டது. என்னைக் கேட்டால், கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எனக்கு ஊரும் இல்லை, போய் இறங்கத் துறைமுகமும் இல்லை.

புளிக்காத ஒரே ஆள் ராக்காயி, வீரம்மாவின் மகள். எட்டு வயசு, ஒரே பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு வாய் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு ஓடிவிடுவாள். இருட்டும்போதுதான் வருவாள். வந்தாலும் வாயில் பெரியம்மா பேச்சுதான் இருக்கும். பெற்றவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

முதலில் வீரம்மா அந்த மீன் வீட்டை மட்டம்தட்டிப் பார்த்தாள். சைக்கிளில் மீன் கொண்டுவரும் சீனர் லயத்து வாசலில் நின்றபோது, கூடையிலிருந்து ஒரு கெம்போங் மீனை எடுத்து மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா பாரு. இதுக்கும் ரெண்டு கண்ணு, ஒரு வாலு. கொழம்புல போடறதப் போயிப் பாக்க ஒரு வீடு கட்டி வச்சிருக்காங்களாக்கும்!"

ராக்காயி அந்த மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது செத்த மீனும்மா. பெரிம்மா பாத்தது உசுரோட இருக்கு. கண்ணாடிகிட்ட வந்து நின்னு நம்மளையே பாக்குமாம்."

அன்றைக்குக் குழம்பில் உப்பு அதிகம் என்று ஐயாவு சத்தம் போட்டது எனக்குக் கேட்டது.

அடுத்த வருஷம் வைகாசியில் நடக்கிற மாதிரி ஐயாவுவின் தங்கைக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மூத்தவர் போன வருஷமே லீவு எடுத்துவிட்டதால் இந்தத் தடவை இளையவர் முறை. குடும்பத்தோடு போய்வர மூன்று மாத லீவுக்குத் துரையும் தலையாட்டிவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் யோசனை ஆரம்பித்தது.

"இங்கேருங்க, நாம நாகப்பட்டினத்துல எறங்க வேணாம்."

"பின்னே நடுக்கடல்லயா எறங்கறது?"

"மதராஸ் வரைக்கும் போலாம். புள்ளைக்கு மீன் வீட்டக் காட்டிட்டு, அங்கேருந்து ரயில்ல ஊருக்குப் போலாம்."

கல்யாணத்துக்குப் போகிறவன் ஊரைத் தாண்டிப் போய் மீன் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்றால் யாருக்கும் யோசனையாகத்தான் இருக்கும். ஆனால் ஐயாவு நல்ல மனுஷன். "சரி, அண்ணியைக் கேட்டா வழி சொல்லுவாங்க" என்றார்.

"அவளை எதுக்குக் கேக்கணும்? மதராசு அவ அப்பன் ஊரா?"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். இப்படியாக, மீன் வீட்டைப் பார்த்த ஒரே ஆளை விட்டுவிட்டு மீன் வீட்டுக்குப் போகத் திட்டம் போட்டார்கள்.

கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஈப்போவுக்குப் போனபோது வீரம்மா என்னையும் கூட்டிப்போனாள். ஜவுளிக்கடையில் ஆம்புரோஸ் என்று ஒரு மதராஸ்காரர் துணி அளந்துகொண்டிருந்தார். சேலையைக் கையில் வைத்துக்கொண்டு இவள் மீன் வீட்டை விசாரித்தாள்.

"கடற்கரை ரோட்டுல நேரா நடந்தாப் போதும்மா, யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. சின்னக் கட்டடந்தான், வெளியேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார் அவர்.

வீரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா? சின்னக் கட்டடமாம்! அவ அரமனை மாதிரின்னுல்ல அளந்தா!" என்று ரயிலடி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் திட்டம் இன்னும் பெருத்தது. கருப்பம்மாள் பார்த்தது அரைப் பகல், அதனால் இவர்கள் முழுப்பகல் பார்க்க வேண்டும். சோறு கட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"ஏண்டி ராக்காயி, அங்க எத்தன தொட்டின்னு சொன்னா ஒம் பெரியம்மா?"

"பெரிம்மா எண்ணலயாம்மா."

"நாம எண்ணிட்டு வருவோம்."

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. ராக்காயி பெரியம்மா வீட்டுக்குப் போவது குறைந்தது. அம்மா மடியில் படுத்துக்கொண்டு, போய் இறங்கினதும் முதலில் எந்த மீனைப் பார்ப்பது, மீன் தூங்குமா, கண்ணாடியைத் தட்டினால் திரும்பிப் பார்க்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வீரம்மா எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தவள் மாதிரியே பதில் சொன்னாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. பிள்ளை கைக்குத் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பெரட்டில் பத்துமலைக் கங்காணி வீரம்மாவைக் கூப்பிட்டார். ஒருத்தி தினமும் சீவ வேண்டிய மரவரிசைக்கு நிரை என்று பெயர். வீரம்மாவின் நிரை ஆற்றோரத்தில் இருந்தது. ஏழு வருஷமாக அவள் கையைத் தவிர வேறு கை அந்த மரங்களில் பட்டதில்லை. அவள் சீவிய பட்டையைத் துரையே தடவிப் பார்த்துப் புதுசாக வந்தவர்களுக்குக் காட்டுவார்.

"ஊருக்குப் போறவ நிரையை வேத்தாளுகிட்டக் குடுத்தா திரும்பி வராது வீரம்மா. அதனால கருப்பம்மாகிட்டயே குடுக்கறேன். வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் கங்காணி.

அவர் அதை உபகாரமாகத்தான் செய்தார். எங்கள் தோட்டத்து வழக்கமும் அதுதான், நிரையைச் சொந்தத்தில் கொடுத்தால் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போகிறவள் வருகிறவளுக்கு ஒவ்வொரு மரமாகக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வீரம்மா முகம் சுண்டிப்போயிற்று. வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

மரம் காட்டப் போன அன்று என் நிரை பக்கத்தில் இருந்ததால் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மரம் வெயில் ஏறினால் பால் விடாது, அந்த மரத்தில் முடிச்சு இருக்கிறது, கத்தியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று வீரம்மா வேண்டாவெறுப்பாகச் சொல்லிக்கொண்டே போனாள். கருப்பம்மாள் பட்டையைத் தொட்டுப் பார்த்து, "பச்சப்புள்ள கன்னமாட்டம் வச்சிருக்கியே தாயி. நீ கவலப்படாமப் போயிட்டு வா" என்றாள். மேட்டில் கல்லிலும் முள்ளிலும் ஏறிக் கிழட்டு மரம் சீவுகிறவள் அவள். ஆற்றோரத்து மரத்தைப் பார்த்ததும் ஆசை வராமல் இருக்குமா? "ஒண்ணு சீவிப் பாக்கவா?" என்று கேட்டாள்.

வீரம்மா கத்தியைக் கொடுத்தாள். கருப்பம்மாள் ஒரே இழுப்பில் சீவினாள். சீவல் மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது, மரத்தில் காயம் இல்லை. பால் ஓடி வந்து மங்கில் விழுந்தது. தினமும் வீரம்மாவுக்கு விழுகிற மாதிரியே விழுந்தது. வீரம்மா மங்கில் விழும் அந்தப் பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சொன்னாள்: "நான் வரல. கப்பலு எனக்கு ஒத்துக்காது. நீங்களும் புள்ளயும் போயிட்டு வாங்க."

ஐயாவு கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ராக்காயி அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் குழாயடியில் பிடித்துக்கொண்டேன்.

"மரத்துக்காகவா புள்ளய விடறே? அவ என்ன ஒன் மரத்த வெட்டியா சாய்க்கப்போறா?"

வீரம்மா வாளியைக் கீழே வைத்தாள். "கெட்டுப்போகும்னு பயமில்லக்கா. அவ கையில நல்லா இருந்துடும். அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சித்திரையில் அப்பனும் மகளும் கப்பல்துறைக்குப் போகச் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். வீரம்மா பிள்ளைக்குச் சடை பின்னிவிட்டு, "ஒவ்வொரு தொட்டியா பாத்துட்டு வந்து அம்மாகிட்டச் சொல்லணும், என்ன?" என்று பத்துத் தடவை சொன்னாள். ரயில் போனபிறகு அழவில்லை. மறுநாள் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். அந்த மூன்று மாதமும் அவள் சீவிய சீவலைப்போல் நான் பார்த்ததில்லை. கருப்பம்மாளுக்கு நிரை கிடைக்காமல் போனதில் வருத்தம் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. தனியாக இருக்கிறாளே என்று இரண்டு நாளைக்கு ஒரு தரம் கறி கொண்டுவந்து கொடுத்தாள். வீரம்மா வாங்கி எனக்குக் கொடுத்துவிடுவாள். நல்ல ருசியான கறி, நான் என்ன சொல்ல?

ஆடி மாதம் ஒரு மத்தியானம் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். ராக்காயி கறுத்து, ஒரு சாண் வளர்ந்திருந்தாள். வீரம்மா ஓடிப்போய்த் தூக்கினாள். உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கல்யாணத்தைக் கேட்கவில்லை, மாமியாரைக் கேட்கவில்லை.

"மீன் வீடு பாத்தியாடி கண்ணு?"

"பாத்தேம்மா! முழுசும் பாத்தேன்!"

"எப்படி இருந்துச்சு? சொல்லு."

ராக்காயி வாயைத் திறந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறினாள். "மொதல்ல இருட்டா இருக்கும்மா... அப்பறம் ஒரு தொட்டி... அது எப்படின்னா... அம்மா, நீ பாக்கலல்ல, ஒனக்குச் சொன்னாப் புரியாது. பெரிம்மாவுக்குத் தெரியும்!"

சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். நாலு வீடு தள்ளி அவள் குரல் கேட்டது. கருப்பம்மாள் குரலும் கேட்டது. ஒருத்தி ஆரம்பித்ததை இன்னொருத்தி முடித்தாள். "மூலையில ஒரு தொட்டி—" "ஆமா, பாம்பு மாதிரி நெளியுமே!" "வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு பெரிம்மா!" "என்னையப் பாத்தும் அப்படித்தான் மூடுச்சு!" இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீரம்மா வாசலில் இறங்கினாள். கருப்பம்மாள் வீட்டை நோக்கி நடந்தாள். ஏதாவது சண்டை போட்டுவிடுவாளோ என்று நானும் பின்னாலேயே போனேன். கருப்பம்மாள் அவளைப் பார்த்ததும் பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா வீரம்மா, வந்து ஒக்காரு. ஒம் மக எப்படிச் சொல்றா பாரு, நீயும் கேளு."

தான் பெற்ற பிள்ளை பேசுவதைக் கேட்க அடுத்தவள் கூப்பிட வேண்டியிருந்தது. வீரம்மா உட்கார்ந்தாள். யாராவது தன்னைப் பார்த்துப் பேசமாட்டார்களா என்று இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அவளே மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பாம்பு மீனு... எம்மாம் பெருசு இருக்கும்?"

பெரியம்மாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கையை விரித்துக் காட்டினார்கள். இரண்டு பேர் கையும் ஒரே அளவில் இருந்தது.