மரத்துக்குத் தனி அட்டவணை

ஒரு பெண்ணின் புளியமரத்தை அவளுடைய அண்ணன் பெயரில் ஏற்றினேன். தெரிந்தேதான் செய்தேன்.

கல்லூரியில் டேட்டாபேஸ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டு விவசாயிகள் சங்கத்துக்கு ஓர் இணையதளம் தேவைப்பட்டது. செங்கம் வியாபாரிகள் பூ விடும்போதே அந்த வருடப் புளிக்கு மரத்தை விலை பேசி வைப்பார்கள். அதை இனித் தளத்தில் பார்த்துப் பேசலாம் என்று திட்டம். ஒப்புக்கொண்டேன்.

அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடைத்தேன். ஒரு வரிசைக்கு ஒரு விவசாயி: பெயர், ஊர், நிலம், அந்த நிலத்தில் நிற்கும் மரங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி அட்டவணை, ஒரு செய்திக்கு ஒரே இடம், இதுதான் நார்மலைசேஷன் என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவன் நான். என் மாணவன் இப்படிச் செய்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

விவரம் சேகரிக்க மலைக்குப் போன அன்று அந்தப் பெண் வந்தாள்.

"நிலம் எங்கண்ணனுதுங்க. அதுல பெரிய மரம் மட்டும் என்னுது. கல்யாணத்துல எங்கப்பா குடுத்தது."

அந்த ஊர் வழக்கம் அது. நிலம் மகனுக்குப் போகும். அதில் ஒரு மரம் மகளுக்கு நிற்கும். எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்கு என் அட்டவணையைக் கலைத்துப் புதிதாகப் போட வேண்டும்.

"அப்படியெல்லாம் கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா" என்றேன்.

அவள் நம்பிப் போய்விட்டாள்.

பூ விட்டதும் வியாபாரி தளத்தைப் பார்த்து அண்ணனிடம் பேசி முடித்தார். அவள் கேட்கப் போனபோது அண்ணன் செல்போனை நீட்டினாராம். "இன்னா உன்னுது? கம்ப்யூட்டரே என் பேரத்தான் போட்டுக்குது. படிச்சவங்க தப்பாவா போடுவாங்க?" அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை.

சங்கத் தலைவர் போனில் இதைச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, நிலங்களுக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று எனப் பிரித்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே இரண்டு குறிப்பு: எந்த நிலத்தில் நிற்கிறது, யாருடையது. நினைத்ததைவிடச் சின்ன வேலை. அதைத் தட்டிக்கழிக்கத்தான் அந்தப் பொய்.

ஜீப் பிடித்து மேலே போனேன். சங்கக் கட்டடத்தில் அண்ணனையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, சோம்பலில் பொய் சொன்னதை எல்லோர் முன்னும் சொன்னேன்.

"அடப்பாவமே! வாயில்லாத மெஷின் மேல பழி போட்டீங்களா சார்?" என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா கல்யாணத்துக்குப் போயிருப்பேங்க."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

வியாபாரி பழைய பேச்சை விட்டு அவளிடம் வந்தார். தளத்தில் அவள் பெயரைப் பார்த்த மற்ற பெண்களும் தங்கள் மரங்களைச் சொல்ல வந்தார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் பாதிப் பாதியான மரம்கூட இருந்தது. அதற்காக மரத்தையும் ஆட்களையும் இணைக்கும் இன்னோர் அட்டவணை போட்டேன்.

காய் பழுத்ததும், உலுக்க ஆள் கிடைக்காமல் அவள் அண்ணனுக்கே சொல்லி அனுப்பினாளாம். அவரும் வந்து ஏறியிருக்கிறார். அவள் கீழே நின்று கத்தியிருக்கிறாள்: "அண்ணா, அந்தக் கொம்ப வுட்டுட்ட பாரு!"

மேலிருந்து பதில் வந்ததாம்: "உன் மரம்தான? நீயே ஏறி உலுக்கு!"

சொல்லிவிட்டு அந்தக் கொம்பையும் உலுக்கினார் என்றார் சங்கத் தலைவர்.