செருப்பு ரயில்

"...சடார்னு திருப்புனா கவுராம என்னாடா செய்யும்? நீட்டமா திருப்புடா" என்றாள் அக்கா.

மரக்காணத்துக்குத்தான் ரயில் இல்லை, என் கூடத்துக்காவது வரட்டும் என்று பொம்மை ரயில் வாங்கியிருந்தேன். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் மூன்று தடவை கவிழ்ந்துவிட்டது. இடம் மிச்சம் என்று, பாதையைப் பிரித்துவிடும் ஸ்விட்சில் குட்டையானதைப் போட்டிருந்தேன். நீளமானது பெட்டியிலேயே கிடந்தது.

அக்காவின் குரலைக் கேட்டதும் உப்பளத்து வாய்க்காலின் நெடி மூக்கில் ஏறியது. சின்ன வயதில், அறுந்த ரப்பர் செருப்பைத் துண்டுபோட்டு, நூலில் கோத்து, அந்த வாய்க்காலில்தான் நாங்கள் ரயில் விடுவோம். வாய்க்கால் கிளை பிரியும் முனையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

"ஏம்மா, உன் ரயிலு திண்டிவனமே தாண்டாது போல இருக்குது" என்று உப்பு வாரிக்கொண்டே சீண்டுவார் அப்பா.

ஒருநாள் அக்கா வெடித்த குதிகாலில் உப்புத் தண்ணீர் எரிய எரிய அந்த முனையின் மண்ணை நீட்டமாகச் சரித்தாள். நேர்வழியைக் காலாலேயே சேறு தள்ளி அடைத்தாள். ஏழு பெட்டிகளும் மெல்ல வளைந்து பாத்திக்குள் நுழைந்தன. அப்பா உப்பு வாரும் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடிபோல ஆட்டினார்.

நீளமான ஸ்விட்சைப் பொருத்தினேன். ரயில் கொஞ்சமும் சாயாமல் கிளைப் பாதையில் திரும்பி, சுற்றிக்கொண்டு வந்தது. அக்கா புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்து, அடுத்த சுற்றுக்கு ஸ்விட்சைக் கால் கட்டைவிரலால் தள்ளிவிட்டாள்.