அலாரத்தை விழுங்கிய பெட்டி

என் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல இப்போது ஆளில்லை. அதனால் நானே சொல்கிறேன். கூடப் பிறந்த பாசம் பேசுகிறது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் அவளுக்கு வேலை. உள்ளே குளிருக்காகக் குழாய்களில் அம்மோனியா ஓடும். கசிந்தால் கண் எரியும், மூச்சு முட்டும், அதிகமானால் ஆள் காலி. அதைக் கண்டுபிடிக்கச் சுவரெங்கும் சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டி தானாகக் கத்தாது. கம்பியில்லாமல் பக்கத்துப் பெட்டியிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். இப்படிக் கைமாறிக் கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி போனால்தான் அலாரம் அடிக்கும். அந்தப் பெட்டிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அக்காவின் வேலை. பெட்டிக்காரி என்றே பேர் வாங்கியிருந்தாள்.

அவள் புருஷன் அதே கிடங்கில் சூப்பர்வைசர். அக்கா தலைவலி என்று படுத்தால் அவளைச் சமையலறைப் பக்கமே விடமாட்டார். அத்தானை நான் நிஜமாகவே தலையில் தூக்கி வைத்து ஆடினேன். இன்றைக்கு நினைத்தால் எரிகிறது.

ஒருநாள் உள் அறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த லோடுமேன் மயங்கி விழுந்தான். அலாரம் அடிக்கவில்லை. அதனால் கசிவே இல்லை, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மேனேஜர் தீர்ப்பு எழுதி அவனை வேலையை விட்டுத் தூக்கினார். லீவு நாளில் அவன் கொஞ்சம் போடுகிறவன்தான். எல்லோரும் 'ச்சூ' கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அம்மோனியா நனைத்த துணியை உள் அறைப் பெட்டியின் மூக்கருகே பிடித்தாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டுப்பாட்டு அறையோ கம்மென்று இருந்தது. சேதி வழியில் எங்கோ செத்திருக்கிறது.

ரேடியோவில் பேசினால் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் கேட்கும். ஆகவே ஒரு பெட்டி தன் சேதியை அடுத்ததிடம் கொடுத்த பிறகு, அது மேலே சொல்கிறதா என்று ஒட்டுக்கேட்க முடியும். அக்கா எல்லாப் பெட்டிகளையும் அப்படி ஒட்டுக்கேட்க வைத்தாள். சுற்றியிருந்த பெட்டிகள் எல்லாம் ஒரே பெட்டியைத்தான் கைகாட்டின. நடைவழிக் கதவுக்கு மேலே இருந்தது அது. சரியான ஊமைக் கள்ளன். 'குளிர் சரி', 'பேட்டரி சரி' என்ற சாதாரணச் சேதிகளை ஒழுங்காகக் கொண்டு சேர்க்கும். வாயு கசிகிறது என்ற சேதி வந்தால் மட்டும் வாயில் போட்டுக்கொள்ளும். போதாததற்கு, என் வழியாக அனுப்பினால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று மற்ற பெட்டிகளுக்கு ஆசை காட்டி, எல்லாச் சேதியையும் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தது.

பெட்டி தானாக இப்படிக் கெட்டுப்போகாது. யாரோ கெடுத்திருக்க வேண்டும். கெடுக்க வேண்டுமானால் பாஸ்வேர்டு வேண்டும், அது அக்காவுடையது. காய்ச்சலில் வீட்டில் கிடந்தபோது ஒரு பெட்டியை நிறுத்தி மறுபடி ஓடவிடுவதற்காக ஒரே ஒருவரிடம்தான் அதைச் சொல்லியிருந்தாள்.

நேரே என் செருப்புக்கடைக்கு வந்தாள். செருப்பு போட்டுப் பார்க்கிற குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாருக்கும் தெரியாம சரி பண்ணிட்டு வாயை மூடிட்டு இரேன்க்கா."

"சரி பண்ணிட்டுதான் வந்தேன். ஆனா அந்த லோடுமேனைக் குடிகாரன்னு சொல்லித்தானேடா துரத்தினாங்க? அவன் பொண்டாட்டியே அதை நம்புறா."

"அதுக்காக உன் குடும்பத்தை நீயே கெடுத்துக்குவியா?"

"திட்டாதடா."

மறுநாள் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள். விசாரணையில் அத்தான் ஒத்துக்கொண்டார். சும்மா சும்மா அலாரம் அடித்து லாரிகள் நிற்கின்றன, ஏதாவது பண்ணுய்யா என்று மேனேஜர்தான் சொன்னாராம். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார் மேனேஜர். வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? அத்தானுக்கு வேலை போய், கோர்ட்டுக்கு நடக்கிறார். மேனேஜர் அதே சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருக்கிறார். அந்த ஆளைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.

லோடுமேன் மறுபடி வேலைக்கு வந்தான். நடைவழியில் அக்காவைப் பார்த்ததும் நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தாளாம்.

"இருந்தாலும் கட்டினவரைக் காட்டிக் கொடுத்திருக்க வேணாம் மேடம்" என்றான்.

அன்றைக்குத்தான் அக்கா அழுதாள். கேன்டீனில் அவள் மேசையில் யாரும் உட்காருவதில்லை. வீட்டில் அத்தான் பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டேன். எங்கே போகச் சொல்கிறாய் என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். அக்கா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"பெட்டி பெட்டியா விசாரிச்சே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா நான் பண்ணலேன்னு சொல்லியிருப்பீங்க."

மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள்.

"நானும் நம்பியிருப்பேன்" என்றாள்.