ஒரே வீட்டில் விழுந்த இரண்டு சீட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதனால் எங்கள் டாக்டரம்மா ஆராய்ச்சி என்று பேச்சை எடுத்ததும் மற்ற நர்ஸ்கள் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பேரையூர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் பசுமலையில் பஸ் ஏறிப் போய் வருகிறேன். ஊசி போடவும் கட்டுக் கட்டவுமே ஆள் போதாத இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"கால் விரல எடுக்கணும்னு மதுரைக்கு அனுப்பிக்கிட்டே இருக்கோமே சிஸ்டர். அனுப்பாம இருக்க வழி உண்டான்னு பாக்க வேண்டாமா?" என்றார். நானும் சேர்ந்துகொண்டேன்.

சர்க்கரை வியாதி முற்றினால் பாதம் மரத்துப்போகும். பருத்திக் காட்டில் முள் குத்தினாலும் தெரியாது. புண் ஆழமாகப் போன பிறகுதான் எங்களிடம் வருவார்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பை அவரவர் பாதத்தை அளந்து தைத்துக் கொடுத்தால், இந்த ஆட்கள் அதைப் போடுவார்களா, புண் குறையுமா? இதுதான் எங்கள் கேள்வி. முறையாக அனுமதி வாங்கினோம். பாதிப் பேருக்குச் செருப்பு உடனே. மற்றவர்களுக்குக் காலைக் கவனிக்கும் பயிற்சி மட்டும். ஆய்வு முடிந்த பிறகு அவர்களுக்கும் செருப்பு. யாருக்கு எது என்பதை, குலுக்கி எடுக்கிற ஒட்டிய கவர் சொல்லும். ஊர்க்காரர்கள் அதைச் சீட்டு என்றார்கள். எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். ஒரே வீடு. புருஷன் இறந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவர் ஒருவர். இன்னொருவர் அந்த அண்ணனின் மனைவி. நாத்தனாரும் மதினியும் என்றால் வழக்கமாக நான் எதிர்பார்க்கிற சண்டை இவர்களிடம் இல்லை. ஒரே தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து சாப்பிட்டார்கள். மதினிக்குச் செருப்புச் சீட்டு விழுந்தது. நாத்தனாருக்கு விழவில்லை.

சில மாதம் கழித்து நாத்தனார் வலது சுண்டுவிரல் ஓரத்தில் புண்ணோடு வந்தார். எலும்பைத் தொட்டிருந்தால் விரல் போகும் என்றார் டாக்டரம்மா. நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கால் போச்சுன்னா காட்டுக்குப் போக முடியாதுல்ல. அண்ணே வீட்டுல எம்புட்டு நாளைக்கு உக்காந்து திங்கிறது?" என்று என்னிடம்தான் கேட்டார். மதினி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

புண்ணைக் கழுவும்போது என் கை நின்றது. முள் குத்திய புண் அடிப்பாதத்தில் இருக்கும். இது பக்கவாட்டில், உராய்ந்து வந்த புண். மேல்பாதத்தில் குறுக்கே அகலமான வார் அழுந்திய தடம். எங்கள் செருப்பின் வார். ஆனால் இவருக்குத்தான் நாங்கள் செருப்பே கொடுக்கவில்லையே.

"யார் செருப்பும்மா இது?" என்றேன்.

மதினிதான் பதில் சொன்னார். "என்னோடதுதான். ஒரு நா நான், ஒரு நா அது. ஒரே வீட்டுல நான் மட்டும் மெத்துன்னு போட்டுக்கிட்டு நடந்தா நல்லாவா இருக்கும்?"

மதினிக்குச் சின்னப் பாதம். நாத்தனாருக்குப் பெரிய பாதம். நல்ல பாதமாக இருந்தால் முதல் நாளே இறுக்குகிறது என்று கழற்றி எறிந்திருக்கும். மரத்த பாதம் எதையும் சொல்லவில்லை.

நான் கத்தினேன். அளந்து தைத்தது எதற்கு, படித்துப் படித்துச் சொன்னது எதற்கு என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மதினி அழ ஆரம்பித்தார். டாக்டரம்மா என் தோளில் கைவைத்து, "அவங்கள ஏன் சத்தம் போடுறீங்க? ஒரே அடுப்புல சமைக்கிற வீட்டுல ரெண்டு சீட்டுக் குலுக்குனது நாமதானே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

விசாரித்துப் பார்த்தால் அந்தத் தெருவில் பல வீட்டிலும் இதே கதை. அக்கா தங்கை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கியிருக்கிறாள். யாருக்குச் செருப்பு, யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொல்லவே வழியில்லை. ஆய்வை நிறுத்தினோம். சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவரவர் அளவில் செருப்புத் தைக்கச் சொன்னோம். அடுத்த முறை ஆளுக்கு ஆள் சீட்டு வேண்டாம், ஊருக்கு ஊர் போடலாம் என்று திட்டத்தை மாற்றி எழுத உட்கார்ந்தார் டாக்டரம்மா.

எனக்கு அந்தச் சுண்டுவிரல்தான் கவலை. எக்ஸ்ரேயில் எலும்பு தப்பித்திருந்தது தெரிந்தும் நிம்மதி வரவில்லை. நாத்தனார் காலை ஊன்றக் கூடாது என்றேன். மதினி அவருடைய பருத்தி வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கட்டு மாற்ற அனுப்பினார். புண்ணின் அடியிலிருந்து புதுச்சதை சிவப்பாக வளர்ந்து மேலே வந்தது. எனக்கு அதைவிட அழகான நிறம் கிடையாது. ஒரு காலையில் கட்டைப் பிரித்தபோது புதுத்தோல் மூடியிருந்தது. சந்தோஷத்தில் டாக்டரம்மாவை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

நாத்தனார் தன் விரலைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மதினி மருந்து வாங்க வெளியே போனதும் குரலைத் தணித்துக் கேட்டார்.

"இதையெல்லாம் எழுதுவீகளா டாக்டரம்மா?"

"எழுதணும். மத்த ஆஸ்பத்திரியும் இதே தப்பப் பண்ணக் கூடாதுல்ல. யார் பேரும் போட மாட்டோம்."

"பேரு போடலைன்னாலும் எங்க மதினிக்குத் தெரியும்ல, தன்னத்தான் சொல்றாகன்னு. அது குடுத்ததுனாலதான் புண்ணு வந்துச்சுன்னு மட்டும் எழுதிராதீக. ஏற்கெனவே ராவெல்லாம் அழுகுது."

 அடுத்த வாரம் டாக்டரம்மா தான் எழுதியதை எடுத்துவந்து, இரண்டு பெண்களையும் உட்கார வைத்து என்னை வாசிக்கச் சொன்னார். அதில் இப்படி இருந்தது: "ஒரே வீட்டுப் பெண்களைப் பிரித்தது ஆய்வாளர்களான எங்கள் தவறு. தங்களுக்குக் கிடைத்ததைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை."

மதினி அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.